டூப்ளிகேட் எதிரொலி

சவேரியார் நகர் வாரியக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில், படிக்கட்டு முடிந்து துணிக்கொடி தொடங்குகிற இடத்தில் இருந்த இன்னாசியின் ஒற்றை அறை வீட்டின் மேற்குச் சுவர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், சோறு வடித்து முடித்த கொஞ்ச நேரத்தில், பின்னால் போனது. இடிந்து போகவில்லை, விரிசல் விட்டுப் போகவில்லை. தன்மேல் மாட்டியிருந்த திருஇருதய ஆண்டவர் படத்தையும், அதன் கீழே எரிந்த சிவப்பு சீரோ வாட் பல்பையும், பக்கத்தில் தொங்கிய மளிகைக்கடைக் காலண்டரையும் சுமந்துகொண்டு, நெரிசலான பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழிவிடுகிற ஆள் மாதிரி ஒழுங்காக, மரியாதையாக, ஒரு கல்யாண மண்டபத்தின் தூரத்துக்குப் போய் நின்றுகொண்டது. அது போனதைப் பார்த்து மற்ற மூன்று சுவர்களும் போயின. கூரை மட்டும் சற்றுத் தயங்கி, ஃபேனைச் சரிபார்த்துக்கொண்டு, மேலே ஏறியது.

தையல் மிஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்ளோ இடத்தையும் இனிமே யாருங்க பெருக்குறது?"

பெருக்குறது, குறது, றது என்று அவள் குரல், புதிதாக வந்த தூரத்தையெல்லாம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

அவள் புருஷன் இன்னாசி மடியில் கிட்டாரும், வலது கால் கட்டைவிரலுக்குக் கீழே ஒரு சின்ன நீல டப்பாவுமாக உட்கார்ந்து, இவ்வளவு பிரமாதமாக வாசித்தது தான்தானா என்ற யோசனையில் இருந்தான். ப்ளஸ் டூ படிக்கிற மகள் ஷெரின், சுவரோடு சுவராகப் போய்விட்டிருந்தவள், தூரத்திலிருந்து கையை ஆட்டி, "அப்பா, இந்தப் பக்கம் நெட் எடுக்கல," என்று கத்தினாள்.

அந்த டப்பாவுக்குப் பெடல் என்று பெயர். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் வைத்துக் காலால் மிதிக்க வேண்டும். மிதித்தால், கக்கூஸுக்குள் உட்கார்ந்து வாசித்தாலும் பெரிய மண்டபத்தில் வாசித்த மாதிரி எதிரொலி சேர்த்துக் கொடுக்கும். ரூம், ஹால், சர்ச் என்று அதில் மூன்று நிலைகள். இன்னாசி வாங்கியது டூப்ளிகேட். பெயர்பெற்ற வெளிநாட்டுக் கம்பெனியின் பெடலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதே நீலம், அதே திருகு, அதே எழுத்து என்று செய்து, கேஸ் போட்டுவிடக் கூடாதே என்று பெயரில் மட்டும் ஓர் எழுத்தை மாற்றி, ஒரிஜினலின் அட்டைப்பெட்டிகூடக் கிடைக்காத விலைக்கு ஆன்லைனில் விற்கிறார்கள் அல்லவா, அது. ஒரிஜினல் மண்டபம் மாதிரி சத்தம் கொடுக்கும். மண்டபத்தையே கொடுக்கக் கூடாது என்று, பாவம், இதைச் செய்தவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

டூப்ளிகேட் என்பதில் இன்னாசிக்கு வெட்கம் எதுவும் கிடையாது. பத்திரப்பதிவு ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் அவன். ஒரிஜினலைக் கொண்டுவா என்று அதட்டிக் கேட்டு, ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நகலை மட்டும் பத்திரமாகக் கோப்பில் வைத்துப் பூட்டிக்கொள்கிற நாட்டில் பிழைப்பவனுக்கு எது உயர்ந்தது என்ற சந்தேகம் எப்படி வரும்? வெட்கமெல்லாம் ஃப்ரெடி அண்ணன் ஒருவரிடம்தான்.

ஃப்ரெடி அண்ணன் அந்த வட்டாரத்து மெல்லிசைக் குழுக்களுக்கெல்லாம் மூத்த கிட்டாரிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பாடகர் குழுவில் இன்னாசிக்குப் பக்கத்து நாற்காலி. அவருடைய மச்சான் கப்பலில் வேலை பார்த்தபோது கொண்டுவந்த ஒரிஜினல் பெடல் அவரிடம் இருந்தது. தன் பிள்ளை பிறந்தபோது சுற்றிய ஃபிளானல் துணியில்தான் அதைச் சுற்றிக் கொண்டுவருவார். மிதிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றுவார். இன்னாசியின் நீல டப்பாவைப் பாடகர் குழுவில் முதல் முறை பார்த்தபோது, அதைத் தொடாமல், குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பெடல் இல்லடா, சோப்பு டப்பா. உள்ள சோப்பு இருக்கான்னு பாத்தியா?" என்றார். சோப்ரானோ பாடுகிற பெண்களெல்லாம் சிரித்தார்கள்.

எனவே சுவர் நகர்ந்த மறுநாளே, பூசை முடிந்த கையோடு, இன்னாசி அவரைத்தான் முதலில் வீட்டுக்கு அழைத்துவந்தான். திருகை ஹால் நிலையில் வைத்து மிதித்தான். சுவர்கள் போயின. ஃப்ரெடி அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கடைசி எதிரொலி அடங்கும்வரை கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, ஐந்நூறு பேர் பந்தியில் உட்காரக்கூடிய அந்த இடத்தின் நடுவில் நின்றுகொண்டு, உதட்டைப் பிதுக்கினார்.

"கதகதப்பு இல்லப்பா. டிஜிட்டலா இருக்கு."

"அண்ணே, செவுரு போச்சே, பாத்தீங்களா?"

"செவுர விடுடா. டோனைக் கேளு. டெயில் எண்ட்ல ஒரு சில்லுனு வருது பாரு, அதான் டூப்ளிகேட்டு."

சரி, ஒரிஜினலையும் வைத்துப் பார்த்துவிடுவோம் என்று இன்னாசி தன்னுடையதை அணைத்தான். சுவர்கள் கோபமில்லாமல் திரும்பி வந்தன, கட்டிலும் பீரோவும் சைக்கிளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தன. ஃப்ரெடி அண்ணன் செருப்பைக் கழற்றி, ஃபிளானலைப் பிரித்து, தன் பெடலை மிதித்து வாசித்தார். தேன் மாதிரி இருந்தது. அதை இன்னாசியே ஒப்புக்கொண்டான். சுவர் ஓர் அங்குலம் அசையவில்லை. "பாத்தியா?" என்றார் ஃப்ரெடி அண்ணன், பீரோவுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் ஒருக்களித்து நின்றபடி. "ஒரிஜினல்னா சொன்ன வேலையை மட்டும் செய்யும். அதுக்குப் பேருதான் குவாலிட்டி."

சவேரியார் நகருக்கு டோன் பற்றிய கவலை இருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கஸ்தூரி (அவள் வீட்டுச் சுவர் நகரவில்லை, இடிபடவும் இல்லை, இன்னாசி வீட்டில் பேசுகிற சத்தம் மட்டும் இப்போதெல்லாம் வெகுதூரத்திலிருந்து வருகிறது என்றாள்) தன் பேத்திக்குக் காது குத்த இடம் கேட்டாள். கொடுத்தார்கள். அடுத்து ஒரு வளைகாப்பு. அடுத்து மஞ்சள் நீராட்டு, கேரம் போட்டி, ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன், சீட்டுக் கம்பெனிக்காரர் ஒருவரின் அறுபதாம் கல்யாணம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கஜபதி ஒருநாள் வந்து, ஹாலை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் நடந்து பார்த்து, நடந்த களைப்பில் ஒரு டீ வாங்கிக் குடித்து, இன்னாசியின் தோளில் கை போட்டார்.

"இன்னா மன்சன்யா நீ! மண்டபத்துக்கு அலைஞ்சே நம்ம ஜனம் பாதி செத்துச்சு. நீ தெய்வம்பா. கரண்ட்டு போனா கஷ்டம், ஒரு இன்வெர்ட்டர் நம்ம சங்கமே வாங்கித் தந்துடும். எந்தெந்த நாளு யார் யாருக்குன்னு நா பாத்துக்கறேன், நீ ஒண்ணியும் கண்டுக்காத."

இன்னாசி ஒண்ணியும் கண்டுகொள்ளவில்லை. டப்பாவை இரவிலும் பகலிலும் அணைப்பதே இல்லை என்றாயிற்று. ஜெராக்ஸ் கடைக்காரனை அதுவரை எவரும் தெய்வம் என்று சொன்னதில்லை. அதிகபட்சம், "ரெண்டு பக்கமும் எடு," என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படியாக அந்த அதிசயத்தைச் சவேரியார் நகர், தண்ணீர் லாரி வருவதை எடுத்துக்கொள்வதுபோல் எடுத்துக்கொண்டது; வந்ததே என்று வியக்கவில்லை, நேரத்துக்கு வரவில்லை என்று மட்டும் சண்டை போட்டது. எங்கிருந்தோ டேப்புடன் ஓர் அதிகாரி வந்தார், வீட்டை வெளிப்பக்கமாக அளந்தார், அனுமதித்த அளவில் இருந்தது, உள்ளே எட்டிப் பார்த்தார், மறுகோடி தெரியவில்லை, அவ்வளவு தூரம் தன் எல்லைக்குள் வராது என்று சொல்லிப் போய்விட்டார். பங்குத்தந்தை வந்து, அந்த மூன்றாவது நிலைக்கு ஆயரிடம் அனுமதி வாங்கியாயிற்றா என்று சந்தேகத்தோடு கேட்டார். சர்ச்சில் வைத்து மிதித்தபோது கூரை கோபுர உயரத்துக்கு எழும்பி, ஜன்னல்களில் நிறம் ஏறி, எங்கிருந்தோ நாலைந்து புறாக்கள் வந்து உத்தரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தவர், நம் கோயிலில் இப்போது ஒழுகுகிறது, மழைக்காலம் முடியும்வரை பாடல் பயிற்சியை இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்றார்.

எதிரொலிக்குத்தான் பழக வேண்டியிருந்தது. ஹாலில் சொன்ன சொல் எதுவும் சொன்ன இடத்தில் முடியவில்லை. வால் முளைத்து, சுவரைத் தொட்டு, எல்லாருடைய காதிலும் ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுத்தான் அடங்கியது. மாமியார்கள் முணுமுணுப்பதை நிறுத்தினார்கள். சண்டை போடவே முடியவில்லை, ஏனென்றால் இவள் கேட்ட கேள்வி திரும்பி வந்து அவள் சொன்ன பதிலோடு கலந்து, கடைசியில் யார் யாரைத் திட்டினார்கள் என்று யாருக்கும் விளங்கவில்லை. வட்டச் செயலாளர் ஒருவர் தலைவரின் பிறந்தநாளுக்கு அங்கே கூட்டம் போட்டுப் பேசினார். அவர் பேசி முடித்து, பிரியாணி சாப்பிட்டு, வண்டியேறிப் போன பிறகும் அவருடைய பேச்சு ஹாலில் நடந்துகொண்டிருந்தது. கேட்க ஆளில்லாவிட்டாலும் நடக்கிற பேச்சு என்பதால் வித்தியாசம் தெரியவில்லை.

சவேரியார் நகரில் பாதிப் பேர் அதே டூப்ளிகேட்டை வரவழைத்தார்கள். கிட்டார் இல்லாதவர்களும் வரவழைத்தார்கள். எதிலும் எதிரொலி தவிர எதுவும் வரவில்லை. அந்தப் பெடலுக்குக் கீழே இன்றைக்கும் ஆன்லைனில் வரிசையாக ஒற்றை நட்சத்திரம் கிடக்கிறது: சுவர் நகரவில்லை, ஏமாறாதீர்கள்.

இவ்வளவிலும், ரெஜினாவுக்கு வேண்டியிருந்தது ஒரு மேசை. துணியை விரித்துப் போட்டு வெட்டுவதற்கு ஒரு நீளமான மேசை. கல்யாணமான நாளிலிருந்து தரையில் மண்டியிட்டு வெட்டி வெட்டி அவளுக்கு முட்டி போயிருந்தது. சுவர் போன அன்று சாயங்காலமே, "இப்பவாச்சும் ஒண்ணு போடலாமேங்க," என்று கேட்டாள். "போடலாம், போடலாம்," என்றான் இன்னாசி. போடுவதற்குள் காதுகுத்து வந்தது. வளைகாப்புக்கு மிஷினைக் கிழக்கு மூலைக்கு நகர்த்தினார்கள். டியூஷனுக்கு மேற்கு மூலைக்கு. அறுபதாம் கல்யாணத்தன்று மணமேடைக்குப் பின்னால், வாழைமரத்துக்கும் சமையல்காரரின் அண்டாவுக்கும் நடுவில் உட்கார்ந்து அவள் யூனிஃபார்ம் தைத்தாள். யாரோ அவளிடம் வந்து கை கழுவ இடம் எங்கே என்று கேட்டுவிட்டு, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்றார்கள்.

"இது என் வீடு," என்றாள் ரெஜினா.

வீடு, டு, டு என்று ஹால் முழுக்கச் சுற்றியது. பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். முன்வரிசையில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த இன்னாசியும், எதற்கென்று தெரியாமல், கூடச் சேர்ந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு அவனிடம் ஏதோ சொல்ல வேண்டும் என்பதுபோல் இரண்டொரு முறை பக்கத்தில் வந்தாள். வீட்டில் சொன்னால் ஊர் கேட்கும். கடைக்குப் போனால், அங்கே நகல் எடுக்க வந்தவர்களைவிட ஹாலுக்கு நாள் கேட்டு வந்தவர்கள் அதிகம். நடுவில் இன்னாசி, துண்டு போர்த்தப்பட்டு, யாருக்கோ போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். அவள் ஓரமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஷெரினுக்கு இரண்டு பக்கம் நகல் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

ஃப்ரெடி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. காதுள்ள ஓர் ஊர், சோப்பு டப்பாவைக் கொண்டாடுவதை அவர் எவ்வளவு நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பார்? கஜபதியிடம் போய், ஜனங்களுக்கு உண்மையான டோன் என்றால் என்னவென்று காட்டுவதற்கு ஒரு சாயங்கால நிகழ்ச்சி நடத்தப்போவதாகச் சொன்னார். எங்கே நடத்துவது? அவ்வளவு பேர் உட்கார வேறெங்கே இடம் இருக்கிறது? டூப்ளிகேட்டைவிட ஒரிஜினல் எவ்வளவு உயர்ந்தது என்று நிரூபிக்கும் விழா, டூப்ளிகேட் திறந்துவைத்த ஹாலில் என்று முடிவாயிற்று. இதில் சிரிக்க ஏதாவது இருப்பதாக அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்னாசிதான் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டான்.

சவேரியார் நகர் மொத்தமும் வந்திருந்தது. ஃப்ரெடி அண்ணன் வெள்ளைச் சட்டையில் மேடையேறி, செருப்பைக் கழற்றி, ஃபிளானலைப் பிரித்தார். கம்பியில் கை வைத்தார். ஸ்பீக்கரிலிருந்து மெல்லியதாக ஒரு 'ம்ம்ம்' வந்தது. அவர் முகம் சுண்டியது.

"எங்கயோ ஹம்மிங் வருது," என்று மைக்கில் சொன்னார். குனிந்து தேடினார். மேடை ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிய உட்கார்ந்திருந்த நீல டப்பாவைக் கண்டார். "இதான! இந்தக் கழுதை லைன்ல இருக்குற வரைக்கும் என் சத்தம் சுத்தமா வராது."

"அண்ணே, அதைத் தொடா..." என்று இன்னாசி எழுந்தான்.

அவர் அடாப்டரைப் பிடுங்கினார்.

சுவர்கள் திரும்பி வந்தன. அவை எப்போதும்போல் நிதானமாகத்தான் வந்தன; யாரையும் இடிக்கவில்லை, நசுக்கவில்லை; கூட்டத்தை நான்கு பக்கமும் அணைத்து, நடுவே சேர்த்து, பத்துக்குப் பத்து அளவுக்குள் பக்குவமாக அடுக்கி வைத்துவிட்டு, தங்கள் பழைய இடத்தில் நின்றுகொண்டன. கஸ்தூரி பீரோவின் மேல் இருந்தாள். பங்குத்தந்தை சைக்கிளின் பின்சீட்டில் இருந்தார். கஜபதி இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி செருகப்பட்டிருந்தார். ஆனாலும் ஃப்ரெடி அண்ணன் கலைஞர். எங்கோ அடியிலிருந்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரிஜினல் பெடல் தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. கண்ணை மூடினால் பரந்து விரிந்த மண்டபம். திறந்தால் கஜபதியின் அக்குள்.

"இன்னாசி! சொருகுப்பா! மூச்சு முட்டுது, சொருகு!" என்று நாலா பக்கமும் கத்தினார்கள். பிடுங்கப்பட்ட அடாப்டர் வயர் எப்படியோ இன்னாசியின் கைக்கே வந்து சேர்ந்திருந்தது. நீல டப்பா அவன் கணுக்காலில் இடித்தது. குனிந்தால் போதும்.

"ஏங்க," என்று ஒரு குரல் அவன் காதோரம் கேட்டது.

மேடைக்குப் பின்னால் தைத்துக்கொண்டிருந்த ரெஜினாவைச் சுவர் கொண்டுவந்து அவன் மார்போடு வைத்திருந்தது. அந்தச் சொல்லின் வாலுக்காக இன்னாசி பழக்கதோஷத்தில் காத்திருந்தான். வால் வரவில்லை. அவள் சொன்ன ஒரு சொல் முழுசாக அவனிடம் மட்டும் வந்து முடிந்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அவனுக்கு உறைத்தது.

"என்ன ரெஜி?"

"கொளத்தூர் பக்கம் ஒரு வீடு பாத்திருக்கேன். ரெண்டு ரூமு. அட்வான்ஸ் குடுத்துட்டேன். நானும் ஷெரினும் ஒண்ணாந்தேதி போறோம்."

"எப்பப் பாத்த?"

"நீங்க துண்டு போத்திக்கிட்டு போட்டோவுக்கு நின்னீங்களே, அன்னைக்கு."

"நீயும் ஷெரினும்னா... அப்ப நான்?"

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்." அவள் நெற்றி வியர்வை அவன் சட்டையில் பட்டது. "ஹால்ல கேட்டா ஊருக்கே கேக்கும். நீங்களும் ஊருக்குக் கேக்குற மாதிரி ஒரு பதில் சொல்வீங்க. அதான் கேக்கல."

சொருகு, சொருகு என்று கூட்டம் கெஞ்சியது. இன்னாசி கையிலிருந்த வயரைப் பார்த்தான். இதைச் சொருகினால் அடுத்த நொடியே எல்லாரும் கை தட்டுவார்கள், தெய்வம் என்பார்கள், அடுத்த வாரம் யாரோ துண்டு போர்த்துவார்கள். கொளத்தூரில் அவன், கோயிலில் கிட்டார் வாசிக்கிற ஜெராக்ஸ்காரன். அங்கே அதற்கே பத்து பேர் இருப்பார்கள். அவள் அவனைப் பார்க்கவில்லை, பார்க்க இடமும் இல்லை. அவள் மூச்சு மட்டும், பதில் என்னவாக இருந்தாலும் சரி என்பதுபோல், ஒரே சீராக அவன் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது.

"வர்றேன்," என்றான்.

அந்தச் சொல் சொன்ன இடத்திலேயே முடிந்தது.

"என்ன?"

"நானும் வர்றேன்னேன்."

"டப்பா?"

"அது இங்கயே கெடக்கட்டும்."

மேலே தூக்கியபடி இருந்த கஜபதியின் கையில் இன்னாசி வயரை வைத்தான். எப்படிச் சொருகினார்களோ, யார் காலில் யார் விழுந்தார்களோ, சிவப்பு விளக்கு எரிந்தது, சுவர்கள் போயின, சவேரியார் நகர் முழுவதும் ஒரே மூச்சை இழுத்துவிட்டு, கை தட்டியது. ஃப்ரெடி அண்ணன் கிட்டாரை நெஞ்சோடு சேர்த்து, நான்கு திசையிலும் திரும்பி, தலை வணங்கினார்.

ஒண்ணாந்தேதி இன்னாசி சாவியைச் சங்கத்திடம் கொடுத்தான். கஜபதி உண்மையிலேயே அழுதார். பெருக்குகிற வேலையை இனி யார் பார்ப்பது என்ற கேள்வியும் அதில் இருந்தது. ஹாலுக்கு இப்போது ஃப்ரெடி அண்ணன்தான் பொறுப்பு. வெல்வெட் துணி விரித்த முக்காலியில் அவருடைய ஒரிஜினல் இருக்கிறது, முக்காலிக்கு அடியில், துணியின் மறைவில், நீல டப்பா. புதிதாக வருகிறவர்களிடம் அவர் முக்காலியைச் சுற்றிக் காட்டி, டூப்ளிகேட் இருந்த காலத்தில் ஏதோ ஒப்புக்குக் கொஞ்சம் நகர்ந்துகொண்டிருந்த சுவர்கள், ஒரிஜினல் வந்த பிறகுதான் சரியாக நகர்கின்றன என்று விளக்குகிறார். கீழே எரிகிற சிவப்பு விளக்கு என்னவென்று யாராவது கேட்டால், ஸ்டெபிலைசர் என்கிறார். கேட்டவர்கள் தலையாட்டுகிறார்கள். எதிரொலியில்கூட வித்தியாசம் தெரிகிறது, இப்போது கதகதப்பாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள்.

கொளத்தூர் வீட்டின் உள்ளறையில், நாலு பேர் பிடித்துத் தூக்கி வைத்த நீளமான மேசைக்குப் பக்கத்தில், ரெஜினா மிஷினைப் போட்டுக்கொண்டாள். ஷெரின் பள்ளிக்கூடம் போன முதல் நாள் காலையில், அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். கதவு என்ற ஒன்றை வீட்டுக்குள்ளே சாத்த முடியும் என்பது இன்னாசிக்குப் புதிதாக இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தட்டினான்.

"யாரு?" என்றாள் உள்ளேயிருந்து, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தும்.

"நான்தான்."

"என்ன வேணும்?"

அவன் யோசித்துப் பார்த்தான். "ஒண்ணுமில்ல."

"அப்ப அங்கயே இருங்க."

மிஷின் ஓடத் தொடங்கியது. இன்னாசி கதவோரம் தரையில் உட்கார்ந்து, கிட்டாரை எதிலும் சொருகாமல் மடியில் வைத்து, அந்த ஓட்டத்துக்குப் பக்கத்தில் மெதுவாக மீட்டிக்கொண்டு போனான். மிஷின் வேகம் எடுத்தபோது அவனும் எடுத்தான். அது நின்றபோது நிறுத்தினான்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள். "நான் நூல் கோக்குறேன். நீங்க பாட்டுக்கு வாசிங்க."